43-வது கேரியர்!

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் பி.காம். அதுவும் ஈவினிங் காலேஜ். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்கள் பக்கத்தில் நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். (இந்த வரியைப் படித்த என் மனைவி, “எழுதறீங்கன்னு மட்டும் போடுங்க. பிழைக்கிறது என் சம்பளத்துல” என்றாள்.)

இப்படிப்பட்ட அப்பிராணி ஒருவன், ஒரே ஒரு வரி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி, எண்பது வயதுத் தாத்தா ஒருவரை மதியச் சாப்பாடு இல்லாமல் தலைசுற்ற வைத்த கதை இது. சிரிப்பதற்கு நடுநடுவே இடம் விட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

மேற்கு மாம்பலத்தில் ஒரு மாமி மெஸ். பெயர் வேண்டாம். சமையலுக்கு மாமி, கல்லாவுக்கு மாமா, டெலிவரிக்கு மொபெட்டோடு ஒரு பையன். தினமும் நாற்பது கேரியருக்குக் குறையாது. சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் தனியாக இருக்கிற வயசானவர்கள். பிள்ளைகள் நியூ ஜெர்ஸியிலோ சிட்னியிலோ இருந்துகொண்டு ஒண்ணாம் தேதி பணம் அனுப்பிவிடுவார்கள்.

சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். யாருக்கு இன்றைக்குச் சாப்பாடு உண்டு, யார் லீவு, யாருக்கு உப்பு கம்மி, யாருக்கு சாதத்துக்குப் பதில் சப்பாத்தி, எல்லாம் அதில்தான். போன் வந்தால் மாமா சாக்பீஸோடு எழுந்து போய் அழிப்பார், எழுதுவார். மாமி அரிசி களையும்போது போர்டைப் பார்ப்பார். பையன் கேரியரை எடுத்து வைக்கும்போது போர்டைப் பார்ப்பான். வருஷக்கணக்காக ஒரு கேரியர்கூடத் தப்பியதில்லை.

அந்தப் போர்டைத்தான் நான் கழற்றினேன்.

* * *

போன வருஷம் எனக்கு ஒரு வியாதி வந்திருந்தது. ரியாக்ட் என்று பெயர். கட்டுரைக்கு வருகிற சன்மானத்தில் கரன்ட் பில் கட்டலாம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ‘வெப் அப்ளிகேஷன் செய்து கொடுத்தால் நாலு காசு பார்க்கலாம்’ என்று யாரோ சொல்ல, ராத்திரி ராத்திரியாக யூ டியூபில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

ரியாக்ட், ஃபேஸ்புக்காரர்கள் 2013-ல் ‘எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வெளியே விட்ட சாமான். ஜோர்டன் வாக் என்கிற என்ஜினீயர் உருவாக்கியது. தத்துவம் ரொம்பச் சுலபம். ஒரு வெப் பக்கத்தை ஒரே மொத்தையாகக் கட்டாமல், துண்டு துண்டாகச் செய்து அடுக்குவது. ஒவ்வொரு துண்டுக்கும் காம்பொனென்ட் என்று பெயர். நம் எவர்சில்வர் கேரியர் மாதிரியேதான். சாதம் ஒரு அடுக்கு, சாம்பார் ஒரு அடுக்கு, கூட்டு ஒரு அடுக்கு. அடுக்கிக் கம்பியைப் போட்டால் கேரியர்.

ஒவ்வொரு துண்டும் தனக்கென்று சில விஷயங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதற்கு ‘ஸ்டேட்’ என்று பெயர். தமிழில், நிலை. பெட்டிக்குள் என்ன டைப் அடித்திருக்கிறது, லிஸ்ட்டில் எத்தனை பேர், எந்தக் கதவு திறந்திருக்கிறது, எல்லாம் நிலை. நிலை மாறினால் அந்தத் துண்டு தன்னைத்தானே மறுபடி வரைந்துகொள்ளும். ‘திரையைத் திருத்து’ என்று நாம் தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை. கேட்கவே சுகமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் இருந்தது.

சிக்கல் எப்போது ஆரம்பிக்கிறது என்றால், ஒரே விஷயம் இரண்டு துண்டுக்குத் தேவைப்படும்போது. சாம்பார் அடுக்கில் இருப்பது கூட்டு அடுக்குக்கும் தெரிய வேண்டும் என்றால்? அங்கேதான் என்னைப் போன்ற பி.காம். பிரகஸ்பதிகள் வழுக்கி விழுகிறோம்.

மாமி மெஸ் சுவரில் போர்டு இருந்த இடத்தில் ஒரு பழைய டேப்லெட்டை மாட்டினேன். திரையில் நாலு துண்டு. உச்சியில் இன்றைய மொத்தக் கேரியர். இடது பக்கம் வாடிக்கையாளர் லிஸ்ட். பெயரைத் தொட்டால் ‘உண்டு’, இன்னொரு தடவை தொட்டால் ‘லீவு’. நடுவில் சமையல் கணக்கு: சாதம் இத்தனை, சப்பாத்தி இத்தனை, உப்பு கம்மி இத்தனை. வலது பக்கம் பையனுக்கான டெலிவரி லிஸ்ட், தெரு வாரியாக.

பையன் ஒரு சின்ன விண்ணப்பம் வைத்தான். “அண்ணே, எந்தத் தெரு முதல்லன்னு நானே மாத்திக்கிற மாதிரி செஞ்சு குடுங்கண்ணே. ஒரு நாள் ஆரிய கவுடா ரோடு ஜாம் ஆகும், ஒரு நாள் போஸ்டல் காலனி தோண்டிப் போட்டிருப்பான்.”

நியாயம்தானே? டெலிவரி துண்டு தன் லிஸ்ட்டை முன்னே பின்னே மாற்றிக்கொள்ள வேண்டும். அதனால் மேலேயிருந்து வந்த லிஸ்ட்டை அப்படியே ஒரு காப்பி எடுத்து, அந்தத் துண்டின் சொந்த ஞாபகத்தில் வைத்தேன். ஒரே ஒரு வரி. எழுதிவிட்டு மாமியிடம் காபி வாங்கிக் குடித்தேன். நல்ல டிகாக்‌ஷன்.

* * *

அது ஒரு வியாழக்கிழமை. தாத்தா பத்து நாளாக லீவில் இருந்தார். திருச்சியில் பெண் வீட்டுக்குப் போயிருந்தார். காலை எட்டரைக்கு அவரிடமிருந்து போன். “வந்துட்டேன். இன்னியிலேர்ந்து கேரியர் அனுப்பிடுங்கோ.”

மாமா திரையில் அவர் பெயரைத் தொட்டார். ‘லீவு’ என்றிருந்தது ‘உண்டு’ ஆயிற்று. உச்சியில் 42 இருந்த இடத்தில் 43. நடுவில் சப்பாத்தி 10 இருந்த இடத்தில் 11. “பார்த்தியா, தொட்டா மாறறது!” என்று மாமியிடம் பெருமைப்பட்டாராம். மாமி எண்ணி 43 கேரியர் கட்டினார். அந்த மெஸ்ஸில் கேரியரில் பெயர் எழுதுகிற வழக்கமில்லை. சப்பாத்திக்குச் சிவப்பு நூல், உப்பு கம்மிக்கு நீல நூல், அவ்வளவுதான். யாருக்கு எது என்பது லிஸ்ட்டைப் பார்த்தால் தெரியும்.

பையன் வலது பக்கத்து லிஸ்ட்டை செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினான். அந்த லிஸ்ட்டில் 42 பேர்.

இரண்டு நடை போய்விட்டு ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தவன், பெஞ்சில் ஒரு கேரியர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். சிவப்பு நூல்.

“மாமி, ஒண்ணு எக்ஸ்ட்ரா கட்டிட்டீங்க.”

“எண்ணித்தானேடா கட்டினேன். 43.”

“லிஸ்ட்ல 42தான் மாமி.”

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். உச்சியில் 43. வலது பக்கம் 42. ஒரே திரை, ஒரே நேரம், இரண்டு உண்மை! மாமாவுக்குச் சட்டென்று காலையில் வந்த போன் ஞாபகம் வர, கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. பன்னிரண்டரைக்கு கேரியர் தவறாமல் வரும் என்ற நம்பிக்கையில், சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரையைப் பன்னிரண்டே காலுக்கே போட்டுக்கொண்டுவிட்டார். மாமா போய்ச் சேர்ந்தபோது எதிர் வீட்டு அம்மாள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். சட்டை முழுக்க வியர்வை. கை நடுக்கம். அந்த அம்மாள் எதேச்சையாகப் பேப்பர் திருப்பிக் கொடுக்க வந்திருக்காவிட்டால்...

அந்த வாக்கியத்தை மாமா போனில் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

* * *

மறுநாள் காலை நேரே தாத்தா வீட்டுக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, நான் திக்கித் திணறிச் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு நிதானமாக, “அதாவது, கணக்குல நான் இருந்திருக்கேன். லிஸ்ட்லதான் இல்லை. அப்படித்தானே?” என்றார்.

“ஆமாம் சார்.”

“ரெண்டையும் ஏம்ப்பா தனித்தனியா வெச்சே?”

என்னிடம் பதிலில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்று சாயங்காலம் சித்தி பையனைப் பிடித்தேன். ஓ.எம்.ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இதே ரியாக்ட்டை வைத்துத்தான் அவன் சம்பளம் வாங்குகிறான். என் புரோகிராமை மேலிருந்து கீழே உருட்டியவன், அந்த ஒரு வரியில் நின்றான்.

“அண்ணா, இங்க காப்பி எடுத்திருக்கே.”

“ஆமாம். தெருவை மாத்தணுமேன்னு...”

“ஆரம்ப மதிப்புன்னா ஆரம்பத்துக்கு மட்டும்தான் அண்ணா. அந்தத் துண்டு முதல் தடவை திரையில வரும்போது ஒரு காப்பி எடுத்துக்கும். அப்புறம் மேல என்ன மாறினாலும் இது திரும்பிக்கூடப் பார்க்காது.”

விஷயம் இதுதான். மாமா காலை ஆறு மணிக்குத் திரையைத் திறந்தபோது 42 பேர். டெலிவரி துண்டு அந்த 42-ஐ காப்பி எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டது. எட்டரைக்கு அசல் மாறியது. காப்பி மாறவில்லை. இடையில் யாராவது பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான் வீட்டில் சோதித்துப் பார்த்தபோது ஒவ்வொரு தடவையும் ரெஃப்ரெஷ் செய்துதான் பார்த்தேன். அதனால்தான் என் கண்ணில் படவில்லை. மாமாவுக்கு ரெஃப்ரெஷ் என்றால் மோர் குடிப்பது.

ஆபீஸ் போகிற நண்பர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. மார்ச் மாதம் மானேஜர் ஒரு எக்ஸெல் ஃபைல் அனுப்புவார். ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கொள்வோம். ‘ஃபைனல்’ என்று ஒன்று, ‘ஃபைனல் டூ’ என்று ஒன்று, ‘ரியல் ஃபைனல்’ என்று ஒன்று. ஆடிட்டர் வந்து உட்கார்ந்ததும் மூன்றில் எது நிஜம் என்று தேட ஆரம்பிப்போம். அதையேதான் நான் ஒரே திரைக்குள் செய்திருக்கிறேன்!

“வெட்கப்படாதே அண்ணா. ஃபேஸ்புக்குக்கே இது நடந்திருக்கு” என்றான் தம்பி.

நிஜம்தான். அந்தக் காலத்து ஃபேஸ்புக் சாட்டில் ‘புது மெசேஜ் 1’ என்று சிவப்பாக ஒரு எண் எரியும். யாரோ நம்மை நினைத்துவிட்டார்கள் என்று ஆசை ஆசையாகத் திறந்தால் ஒன்றுமே இருக்காது. சரிசெய்வார்கள். கொஞ்ச நாளில் மறுபடி தலைகாட்டும். மறுபடி சரிசெய்வார்கள். மறுபடி வரும். 2014-ல் தங்கள் எஃப்-8 மாநாட்டில் அவர்களே மேடையேறி இதைச் சொன்னார்கள். எண்ணைக் காட்டுவது ஒரு துண்டு, மெசேஜைக் காட்டுவது ஒரு துண்டு. இது அதை மாற்ற, அது இன்னொன்றை மாற்ற, கடைசியில் யார் எதை மாற்றினார்கள் என்று துப்புத் துலக்கவே முடியவில்லை. அதற்கு மருந்தாக ‘ஃப்ளக்ஸ்’ என்று ஒரு முறையை அறிவித்தார்கள். தகவல் ஒரே திசையில்தான் ஓட வேண்டும். எதிர்த் திசையில் வண்டி விட்டால் அபராதம். சுத்தமான ஒன்-வே.

அடுத்த வருஷமே, 2015-ல், டான் அப்ரமோவ் என்ற இளைஞர் ஆண்ட்ரூ கிளார்க் என்பவரோடு சேர்ந்து அதை இன்னும் சுருக்கி ‘ரிடக்ஸ்’ என்று ஒன்று செய்தார். பாரிஸில் நடந்த ஒரு ரியாக்ட் மாநாட்டில் காட்டினார். இதைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். கொட்டாவி விட்டு எழுந்து உட்கார்ந்தது.

ஏனென்றால், சார், இது நம்ம அக்கவுண்டன்ஸி!

ரிடக்ஸில் எல்லோருக்கும் பொதுவான தகவல் முழுவதும் ‘ஸ்டோர்’ என்கிற ஒரே இடத்தில் இருக்கும். அதாவது பேரேடு. யாரும் நேரே போய் அதில் கை வைக்க முடியாது. ‘இன்னது நடந்தது’ என்று ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். அதற்கு ‘ஆக்‌ஷன்’ என்று பெயர். அதாவது நம் குறிப்பேட்டுப் பதிவு. சீட்டைப் படித்து, பழைய நிலையையும் பார்த்து, புது நிலை என்ன என்று சொல்வது ‘ரிட்யூசர்’. அதாவது குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதுகிற குமாஸ்தா. அவருக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. அதே நிலை, அதே சீட்டு கொடுத்தால் எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். இத்தாலியில் பசியோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கி அச்சுப் புத்தகம் போட்டது 1494-ல். ஐந்நூறு வருஷம் கழித்து கம்ப்யூட்டர்காரர்கள் கணக்குப்பிள்ளை வழிக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளைக்கு இன்னொரு தர்மம் உண்டு. எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. தப்பு என்றால் புதுப் பதிவு போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். இங்கேயும் அப்படியே. பழைய லிஸ்ட்டுக்குள்ளேயே நைசாக ஒரு பெயரைச் செருகினால் ரியாக்ட்டுக்குத் தெரியாது. அது தாளைப் படிப்பதில்லை. ‘அதே தாளா, வேறு தாளா’ என்று மட்டும்தான் பார்க்கும். அதே தாள் என்றால் ‘ஒன்றும் மாறவில்லை’ என்று தூங்கிவிடும். ஆகவே மாற்றத்தோடு புதுத் தாள் எழுதி நீட்ட வேண்டும்.

இதில் ஒரு லாபம் என்னவென்றால், சீட்டெல்லாம் வரிசையாக இருப்பதால் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். எட்டு முப்பதுக்கு என்ன சீட்டு விழுந்தது, அதற்கு முன்னால் நிலை என்ன, பின்னால் என்ன. பாரிஸில் அப்ரமோவ் கைதட்டல் வாங்கியது இந்தக் கால யாத்திரைக்குத்தான்.

* * *

சரி, மெஸ்ஸுக்கு வருவோம். அங்கே டெலிவரி போட்டோ ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, மாமா நோட்டில் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போகும்போதெல்லாம் மாமி ஒன்றும் சொல்லாமல் காபி கொடுத்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

காப்பியைத் தூக்கி எறிந்தேன். ‘யார் இன்று சாப்பிடுகிறார்கள்’ என்கிற உண்மையை நாலு துண்டுக்கும் பொதுவான மேல் துண்டில் ஒரே ஒரு இடத்தில் வைத்தேன். டெலிவரி துண்டுக்குச் சொந்தமானது ‘எந்தத் தெரு முதலில்’ என்ற வரிசை மட்டும். பெயர்களை அது அசலிலிருந்துதான் எடுக்க வேண்டும். மொத்தம் 43 என்பதையும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. பேரேட்டில் இருப்பை யாராவது மனசில் தோன்றியபடி எழுதுவார்களா? கூட்டித்தானே போட வேண்டும். லிஸ்ட் இருந்தால் மொத்தத்தை எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். எழுதி வைத்தால் அதுவும் ஒரு காப்பிதான்.

தப்பு போயிற்று. ஆனால் வேறு எரிச்சல் வந்தது. மேல் துண்டில் இருக்கிற தகவல், அடியில் இருக்கிற குட்டித் துண்டுக்குப் போய்ச் சேர நடுவில் நாலு துண்டைத் தாண்ட வேண்டும். நடுத்துண்டுகளுக்கு அந்தத் தகவலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வாங்கிக் கீழே தள்ளிவிடுவதோடு சரி. ஆபீஸில் ஃபைல் நாலு மேஜைக்குப் போய், நாலு பேரும் பிரித்துப் பார்க்காமலே இனிஷியல் போடுவது மாதிரி!

இதற்கு ரியாக்ட்டிலேயே ‘கான்டெக்ஸ்ட்’ என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. இப்போதிருக்கிற உருவத்தில் 2018-ல் வந்தது. மேலே ஒருவர் அறிவித்தால், எத்தனை மாடி கீழே இருந்தாலும் வேண்டியவர்கள் நேரே கேட்டுக்கொள்ளலாம். நடு மேஜைகளுக்கு வேலையில்லை.

காய்ந்த மாடு கம்பில் விழுந்த கதைதான். எல்லாவற்றையும் தூக்கி அதில் போட்டேன். வாடிக்கையாளர் லிஸ்ட், தெரு வரிசை, எந்தப் பெட்டி திறந்திருக்கிறது, மாமா தேடுவதற்காக அடித்துக்கொண்டிருக்கும் எழுத்து, எல்லாம் ஒரே மூட்டை. ‘ஒரே இடத்தில் ஒரே உண்மை’ என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் மாமா போனில் கூப்பிட்டார். “ஏம்ப்பா, ‘ரா’ன்னு அடிச்சா, மாமி ரசத்துக்குத் தாளிச்சு முடிச்சப்புறம்தான் ‘ரா’ வருது.”

தம்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “அண்ணா, உங்க ஆபீஸ்ல ரிப்ளை ஆல் பார்த்திருக்கியா?”

கான்டெக்ஸ்ட்டில் உள்ள மூட்டை மாறினால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற அத்தனை துண்டும் மறுபடி தங்களை வரைந்துகொள்ளும். மூட்டைக்குள் எது மாறியது, அது தனக்கு வேண்டியதா என்ற விசாரணையே கிடையாது. மாமா ஒரு எழுத்து அடிக்கிறார். மூட்டை புதுசாகிறது. லிஸ்ட்டில் உள்ள அத்தனை வரியும் எழுந்து நின்று ‘கூப்பிட்டீங்களா?’ என்கின்றன. அடுத்த எழுத்து. மறுபடி எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அட்மின் செக்‌ஷன் ‘பைக் சாவி கிடைத்தது’ என்று முந்நூறு பேருக்கு மெயில் போட்டால், முந்நூறு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பதில்லையா, அது மாதிரி. பாவம், அந்தப் பழைய டேப்லெட் என்ன செய்யும்?

மறுபடியும் பி.காம்.தான் கைகொடுத்தது. சில்லறை ரொக்கம் என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? டீ, ஆட்டோ, பின்னூசி இதற்கெல்லாம் ஹெட் ஆபீஸ் பேரேட்டில் பக்கம் ஒதுக்குவதில்லை. கிளையிலேயே ஒரு டப்பாவில் பணம் வைத்து அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாமா தேடுகிற எழுத்து தேடல் பெட்டிக்கு மட்டும்தான் வேண்டும். திறந்த பெட்டி அந்தப் பெட்டிக்கு மட்டும். தெரு வரிசை டெலிவரிக்கு மட்டும். ஆகவே அதெல்லாம் சில்லறை ரொக்கம். அந்தந்தத் துண்டே வைத்துக்கொள்ளட்டும். இரண்டு பேருக்கு மேல் கேட்கிற விஷயம் மட்டும் பேரேட்டுக்கு வரட்டும்.

பேரேட்டையும் கான்டெக்ஸ்ட்டிலிருந்து எடுத்து ஒரு சின்ன ஸ்டோருக்கு மாற்றினேன். அங்கே ஒவ்வொரு துண்டும் ‘எனக்கு இது மட்டும் வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அதற்கு ‘செலக்டர்’ என்று பெயர். உச்சியில் உள்ள துண்டு ‘மொத்தம் மாறினால் மட்டும் என்னை எழுப்பு’ என்கிறது. சமையல் துண்டு ‘சாதம், சப்பாத்தி, உப்பு, இந்த மூன்று மாறினால் மட்டும்’ என்கிறது. மற்ற நேரத்தில் நிம்மதியாகத் தூக்கம். இப்போது மாமா ‘ரா’ அடித்தால் உடனே ‘ரா’ வருகிறது.

நான் எடுத்துக்கொண்ட ஸ்டோரின் பெயர் ‘ஸுஸ்டாண்ட்’. ஜெர்மன் மொழியில் ‘நிலை’ என்று அர்த்தம். இதற்கு அண்ணன் தம்பிகள் இரண்டு பேர். ‘ஜோடாய்’, ஜப்பானிய மொழியில் நிலை. ‘வால்டியோ’, ஃபின்னிஷ் மொழியில் ‘ஸ்டேட்’தான், ஆனால் நாடு, அரசு என்கிற அர்த்தத்தில். தமிழில் யாராவது ‘நிலை’ என்றே ஒன்று செய்தால் முதல் வாடிக்கையாளன் நான்தான்.

ரிடக்ஸை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். பழைய ரிடக்ஸில் ஒரு சின்ன மாற்றத்துக்கு நாலு ஃபைலில் எழுத வேண்டும். அந்த அலுப்பைக் குறைக்க 2019-ல் ரிடக்ஸ் டூல்கிட் வந்தது. பெரிய ஆபீஸுக்கு அது அவசியமாக இருக்கலாம். 43 கேரியருக்குக் குமாஸ்தா, ஹெட் குமாஸ்தா, மானேஜர் என்று வைத்தால் மாமி சம்பளம் கொடுத்து மாளாது.

தம்பி போகும்போது ஒரு எச்சரிக்கை கொடுத்தான். “திரையில இருக்கிறது எல்லாமே கடைசியில சர்வர்ல இருக்கிறதோட காப்பிதான் அண்ணா, மறந்துடாதே.” அதாவது பாஸ்புக் மாதிரி. பாங்க் பேரேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் பணம். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு எத்தனை நாளாயிற்று என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பாஸ்புக்கை நம்பி செக் கொடுத்தால் திரும்பி வரும். அடிக்கடி போய் என்ட்ரி போட்டு வரவே தனியாக டூல்கள் இருக்கின்றன. அதையும் மாட்டினேன்.

* * *

எல்லாம் முடிந்து, மாமாவை வைத்து ஒரு வாரம் சோதித்தேன். இந்தத் தடவை ரெஃப்ரெஷ் பட்டன் பக்கமே போகவில்லை. நானே தெருமுனையில் நின்று போன் செய்து ‘லீவு’, ‘உண்டு’, ‘லீவு’, ‘உண்டு’ என்று மாமாவைப் படுத்தி எடுத்தேன். நாலு துண்டும் ஒன்றாக மாறின. பையன் போட்டோ எடுப்பதற்கு முன்னால், உச்சியில் உள்ள எண்ணையும் தன் லிஸ்ட்டின் கடைசி எண்ணையும் ஒத்துப் பார்க்கப் பழக்கினேன். கணக்குப்பிள்ளைக்குச் சந்தேகம் சாகிற வரைக்கும் போகக் கூடாது.

எட்டாவது நாள் போனால், டேப்லெட் பக்கத்தில் பழைய கரும்பலகை மறுபடி தொங்குகிறது! எனக்குப் பகீரென்றது.

“மாமி! திரும்பவும் ரெண்டு இடத்துல எழுதினா அதே கதைதான் ஆகும்...”

“தெரியும்டா” என்றார் மாமி, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. “கேரியர் கணக்கெல்லாம் உன் டப்பாலதான். அதை நான் இதுல எழுதவே மாட்டேன். இது என் மளிகை லிஸ்ட்டுக்கு. பெருங்காயம் தீர்ந்துபோனா உன் டப்பாகிட்டயா சொல்ல முடியும்?”

போர்டைப் பார்த்தேன். ‘து. பருப்பு 5, பெருங்காயம் 1’ என்று மட்டும் இருந்தது. நான் மூன்று மாதம் ராத்திரி கண்விழித்துக் கற்றுக்கொண்டதை மாமி தாளித்துக்கொண்டே சொல்லிவிட்டார். எந்த விஷயத்துக்கு எது வீடு என்று தீர்மானித்துவிட்டால், எத்தனை போர்டு வேண்டுமானாலும் மாட்டலாம்.

தாத்தா இப்போது கேரியர் கைக்கு வந்த பிறகுதான் மாத்திரை போடுகிறார். அவர் டாக்டரும் அதையே சொன்னாராம். கேரியர் வந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். தினமும் பன்னிரண்டரை வாக்கில் வந்துவிடும். நேற்று 12.40 வரை வரவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு நானே கூப்பிட்டேன்.

“கேரியர் வந்துடுத்துப்பா” என்றார். “இன்னிக்கு மோர்க்குழம்பு. நல்லா இருந்துதா, உன்னை மறந்தே போயிட்டேன்.”

பரவாயில்லை சார். கணக்கில் நான் இருந்தால் போதும்.